பொய் மீன்

வெள்ளானூரில், வீட்டு வாசல் சிமெண்டுத் தரையில், டிராலி மேல் நின்றிருந்த படகுக்கு அடியில் முப்பத்திரண்டு அடி தண்ணீர் இருப்பதாக, அதில் மாட்டியிருந்த மீன் தேடும் மெஷின் காட்டியது. அதில் மீன் வேறு போய்க்கொண்டிருந்தது. முன்னால் ஒரு பெரிய மீன், பின்னால் நாலைந்து குஞ்சு. பேட்டரியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கத்தான் பூபாலன் சுவிட்சைப் போட்டான். போட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

குனிந்து படகுக்கு அடியில் பார்த்தான். ஒரு காலி பக்கெட்டும், நிழலுக்கு ஒதுங்கிய தெருநாயும் இருந்தன. நிமிர்ந்து திரையைப் பார்த்தான். மீன் இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது. திரையின் மூலையில் எறும்பு அளவு எழுத்தில் 'சிமுலேட்டர்' என்று இருந்தது, ஓடுவது வெறும் டெமோ படம் என்று அர்த்தம். நேற்று வெயிலில் அது அவன் கண்ணில் படவே இல்லை.

நேற்று வேப்பம்பட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய கல்குவாரிக் குட்டையில் இதே படகை ஓட்டி, இதே படத்தைப் பார்த்துத்தான், "கீழ ஆள் யாரும் இல்ல" என்று கரையைப் பார்த்துக் கத்தினான். கரையில் நின்ற அவன் அக்கா நாகவல்லி அப்படியே மண்ணில் உட்கார்ந்து கும்பிட்டாள். கயிற்றில் கொக்கிக் கொத்து கட்டின பாதாளக் கொலுசு போட்டுத் தேடி அலுத்துப்போயிருந்த ஊர்க்காரர்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். எல்லாம் அவன் ஒரு வார்த்தையை நம்பி.

அக்கா புருஷன் ஆனந்தன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வெளியே போனவர். குட்டைக் கரையில் அவருடைய பைக் நின்றது, செருப்பு கிடந்தது, செருப்புக்குள் போன் இருந்தது. குளிக்க இறங்கினாரா, வேறு எதற்காவதா, பார்த்தவர் எவரும் இல்லை. ஆனால் மனிதர் பழைய கேஸ். முன்பு ஒருதரம் இதேபோல் சண்டை போட்டுக் காணாமல் போய், எல்லாரும் அழுது ஓய்ந்த பிறகு திருப்பதியிலிருந்து மொட்டையோடு வந்து நின்றவர். அந்த மொட்டையைத்தான் நேற்றிலிருந்து அக்கா கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். "ஓடிப்போயிட்டாரு, என்ன உட்டுட்டு ஓடிப்போயிட்டாரு" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போனதற்கு இத்தனை சந்தோஷப்பட்ட பெண்ணை வெள்ளானூர் பார்த்திருக்காது. ராத்திரி சோறு தின்றாள். காலையில் அவர் சட்டைகளைத் துவைத்து மாடியில் காயப்போட்டிருந்தாள்.

பூபாலன் சுலைமானுக்குப் போன் போட்டான். பூந்தமல்லிக்காரன். ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்க என்று இந்த ஃபைபர் படகை இருவரும் சேர்ந்துதான் வாங்கியிருந்தார்கள்.

"மச்சான், மெஷின் டெமோ ஓட்டிக்கினு கீதுடா. நேத்து நம்ம பாத்தது அத்தனையும் பொய்."

அந்தப் பக்கம் சுலைமான் வண்டிச் சாவியை எடுக்கும் சத்தம் கேட்டது.

"அழாத. சென்சாரு போயிருக்கும். நான் காசிமேட்டுக்குப் போயி புதுசு வாங்கியாறேன். நீ பழச கயட்டி வை. அக்காகிட்ட வாயத் தொறக்காத."

படகின் பின்பலகைக்கு அடியில், தண்ணீரில் முங்கினபடி இருக்கும் சோப்புக்கட்டி அளவு கறுப்புச் சாமான்தான் அது. டிரான்ஸ்டூசர் என்பார்கள், சுலைமானுக்குச் சென்சார். அது கீழே சத்தம் அனுப்பும். தரையில் மோதித் திரும்பி வருவதைக் கேட்டு மெஷினுக்குச் சொல்லும். மெஷின் ஆழத்தை வரையும். அது செத்துப்போனால் மெஷின் தான் ஏதோ கடை ஷோகேசில் இருப்பதாக நினைத்துக்கொண்டு, விலை கேட்டு வருகிறவனுக்குக் காட்டும் படத்தை ஓட்ட ஆரம்பித்துவிடும். வயரைத் தடவிக்கொண்டே போனான். சீட்டுக்கு அடியில் எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. எலியைத் திட்டினான். பிறகு தன்னைத் திட்டிக்கொண்டான், இன்னும் கெட்ட வார்த்தையில். மழைக்குப் பிறகு படகை ஒருதரம் திறந்து பார்த்திருந்தால் போதும், பார்க்கவில்லை.

பழைய ஸ்குரூ இரண்டும் துருவேறி உப்பிப்போய்க் கிடந்தன. ஒன்று வந்தது. மற்றது தலை மட்டும் கையோடு வந்துவிட்டது. உளி வைத்துத் தட்டி, பிராக்கெட்டைப் பிய்த்து எடுத்தபோது விரல் கிழிந்தது. பழைய ஓட்டையில் எம்சீலைப் பிசைந்து அடைத்தான். ரத்தக் கையில் வழுக்கிப் பாதி கீழே விழுந்தது. வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் சுலைமான் வந்தான். வந்தவன் பூபாலன் கையிலிருந்து டிரில்லைப் பிடுங்கிக்கொண்டான்.

"நவுரு. இந்தக் கையோட ஓட்ட போட்டின்னா படகே முயுகிடும்."

பழைய ஓட்டைக்குப் பக்கத்தில் புது ஓட்டை போட்டான். படகின் அடித்தட்டுக்குச் சமமாக, துளி சாய்வும் இல்லாமல் புதுசை முடுக்கினார்கள். கொஞ்சம் மேலே ஏறினால் காற்றுக் குமிழி அடியில் புகுந்து மறுபடி கண்கட்டு வித்தை காட்டும். வயரை எலி எட்டாத உயரத்தில் ஓட்டி, பிளக்கைச் சொருகினான் சுலைமான். திரை அணைந்து எரிந்தது. ஆழம் காட்டும் இடத்தில் வெறும் கோடு. மீனும் இல்லை, ஒன்றும் இல்லை. தரையில் நிற்கிற படகுக்குத் தண்ணீர் ஏது? பூபாலனுக்கு அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது.

"படக எங்கடா இட்டுகினு போறீங்க?"

மாடிப்படியில் நாகவல்லி நின்றிருந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள்.

சுலைமான் தரையைப் பார்த்தான். பூபாலன்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா... நேத்து மெஷின் சரியில்லக்கா. அது படம் காட்டிக்கினு இருந்துக்குது. இன்னொருதரம் பாத்துட்டு வந்துடறோம்."

"மீனு தெரிஞ்சுதேடா. படகு கரைக்கு வந்தப்ப நானே எட்டிப் பாத்தனே."

"அது பொய் மீனுக்கா."

அவள் இறங்கி வந்து பளாரென்று அறைந்தாள். சின்ன வயதில்கூட அவள் அவனை அடித்தது கிடையாது. "இன்னாத்துக்குடா திரும்பப் பாக்கணும்? அவரு போயிட்டாருன்னு நானே ஒத்துக்கினேன். ஒனக்கின்னா?" என்று கத்தினாள். பிறகு டிராலியைக் கட்டியிருந்த வண்டியில் அவளே முதலில் ஏறி உட்கார்ந்தாள். "நானும் வரேன். இல்லன்னு என் கண்ணால பாத்துட்டு வரேன்" என்றாள். அவளை இறக்கிவிடும் தைரியம் இருவருக்கும் இல்லை.

குட்டை அசையாமல் கிடந்தது. மூன்று பக்கமும் செங்குத்தாக வெட்டின பாறை. ஒரு பக்கம் மட்டும் லாரி இறங்கின பழைய பாதை தண்ணீருக்குள் போகிறது. அந்த வழியாகப் படகை இறக்கினார்கள். சுலைமான் மோட்டாரைப் பிடித்தான். பூபாலன் திரைக்கு முன்னால் உட்கார்ந்தான். அக்கா நடுவில். அவள் காலடியில் கயிறு கட்டின காலித் தண்ணீர்க் கேன். கயிற்றின் இன்னொரு முனையில் கல். ஏதாவது தென்பட்டால் அந்த இடத்தில் போட வேண்டிய அடையாளம்.

பதினோரு அடி என்று காட்டியது. பிறகு நாற்பது. பாறை ஓரம் போனதும் அறுபதைத் தாண்டியது. மீன் என்று ஒன்றுகூட இல்லை. நிஜத் தண்ணீர் இவ்வளவு வெறிச்சென்று இருக்கும் என்று அவன் நினைத்ததே இல்லை. ஏர் ஓட்டுகிற மாதிரி போவதும் திரும்புவதுமாகப் படகை ஓட்டச் சொன்னான். ஒவ்வொரு திருப்பத்திலும் அக்கா "இல்லல்ல?" என்று கேட்டாள். அவன் "இல்ல" என்றான். சொல்லும்போது அது உண்மையாகவே இருந்தது. அவனுக்கும் நம்பிக்கை முளைத்தது. திருப்பதிக்கு இன்று ராத்திரியே வண்டி எடுக்கலாம் என்றுகூட நினைத்துவிட்டான்.

கிழக்குப் பாறைக்கு அடியில், படிபோல் வெட்டி விட்டிருந்த ஒரு திட்டில், தரைக்கு மேலே நீளமாக ஒன்று படுத்திருந்தது.

கையைத் தூக்கினான். சுலைமான் படகைத் திருப்பி, மெதுவாக மறுபடி அதே இடத்துக்குக் கொண்டு வந்து மோட்டாரை நிறுத்தினான். மறுபடி அது வந்தது. தலைப்பக்கம் தெரிந்தது. ஒரு கை தனியாகத் தெரிந்தது.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்லக்கா."

சொல்லிவிட்டான். மோட்டார் நின்றிருந்ததால் படகு தானாக நகர ஆரம்பித்திருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். ஏதோ ஓர் ஊரில் அவளுக்கு ஒரு புருஷன் சாகாமல் இருந்துகொண்டே இருப்பான். திட்டுவதற்கு ஒருத்தர், தீபாவளிக்குத் தீபாவளி வாசலைப் பார்ப்பதற்கு ஒரு காரணம். ஆனால் தன்னைத் தோளில் தூக்கிப்போய்ச் சினிமா காட்டின மாமா இந்தப் பச்சைத் தண்ணீருக்குள் தனியாகக் கிடப்பார். எதைச் செய்தாலும் பாவம் என்று தோன்றியது. திரையில் அந்த உருவம் இடப்பக்கம் ஒதுங்கி ஒதுங்கி மறைந்துகொண்டிருந்தது.

நாகவல்லி திரையைப் பார்க்கவே இல்லை. தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்தும் இதே வாயாலதானடா சொன்ன" என்றாள். இப்போது அவள் குரலில் கோபம் இல்லை. "நேத்து நீ பொய் சொல்லல. இன்னிக்கு சொல்ற."

அவன் அழுதுவிட்டான். சுலைமான் துடுப்பை எடுத்து, படகை விட்ட இடத்துக்கே தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

அக்கா குனிந்து கயிற்றையும் கல்லையும் எடுத்து அவன் மடியில் வைத்தாள். கேனைத் தன் கையில் வைத்துக்கொண்டாள். பூபாலன் கல்லைப் படகுக்கு வெளியே நீட்டியபோது அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மெதுவா எறக்குடா. அவரு மேல பட்டுடப் போவுது."

அவன் கயிற்றைச் சாண் சாணாக விட்டான். கல் தரையைத் தொட்டதும் கயிறு தளர்ந்தது. அக்கா கேனைத் தண்ணீரில் வைத்து, கையை எடுக்காமல் அதன் மேலேயே வைத்திருந்தாள்.