வாய் சிறுத்த வண்டி

1

இந்தக் கதை எனக்கு ஒரு சத்தத்திலிருந்து கிடைத்தது. வேலம்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்று அலுத்துப்போயிருந்த என்னை, எங்கள் ராயபுரம் வீதியில் குடியிருக்கும் பழனாயி தன் வெள்ளைக் காரில் ஏற்றிக்கொண்டார். வண்டி கிளம்பியதும் அதன் அடிவயிற்றில், தகர டப்பாவுக்குள் உடைந்த ஓடு உருள்வதுபோல ஏதோ கலகலத்தது.

"என்னங்கக்கா சத்தம்?"

"அதொரு பெட்ரோல் கதைங்க" என்றார். ஊர் வந்து சேரும்வரை சொன்னார்.

பெட்ரோலைப் பற்றி யார் கதை படிப்பார்கள் என்று பல மாதம் எழுதாமல் இருந்தேன். பிறகு இப்படித் தொடங்கினேன்: "1995-ஆம் ஆண்டின் ஓர் இனிய காலைப்பொழுதில் பழனாயி—" அடித்துவிட்டேன். பழனாயிக்கு அந்த வருடம் இனிய காலை எதுவும் வாய்க்கவில்லை. இன்னொன்று: "எந்த வண்டிக்கு எந்தப் பெட்ரோல் பொருந்தும் என்பது—" இது கட்டுரை. ஆனாலும் கொஞ்சம் கட்டுரை இல்லாமல் இந்தக் கதை நகராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

அப்போது திருப்பூர் பங்க்குகளில் இரண்டு தரத்தில் பெட்ரோல்: எண்பத்தேழு ஆக்டேன், தொண்ணூற்று மூன்று ஆக்டேன். தொண்ணூற்று மூன்று போட்டால் வண்டி பறக்கும் என்று ஒரு கட்சி. எல்லாம் ஒரே தொட்டித் தண்ணி என்று இன்னொரு கட்சி. (நான் சைக்கிள் வைத்திருந்தேன். எந்தக் கட்சியிலும் இல்லை.) இரண்டிலும் ஈயம் கலந்திருக்கும்.

அந்த வருடம்தான் மெட்ராஸ் மாதிரிப் பெரிய நகரங்களில் மட்டும் ஈயம் கலக்காத பெட்ரோல் வந்தது. அங்கே விற்ற புதுக் கார்களின் அடியில், புகையைச் சுத்தம் செய்ய ஒரு டப்பாவைப் பொருத்தினார்கள். ஈயப் பெட்ரோல் ஊற்றினால் அந்த டப்பா கெட்டுப்போகும். அதுவும் உடனே தெரியாது, உள்ளுக்குள்ளேயே அடைத்துக்கொண்டு போய்க் கடைசியில் உடைந்து கலகலக்கும். யாரும் தவறி ஊற்றிவிடக் கூடாதென்று டேங்க்கின் வாயையே சிறுக்க வைத்திருந்தார்கள். நம் ஊர் பங்க்கின் குழாய் அதில் நுழையாது.

கட்டுரை முடிந்தது.

3

பழனாயியின் வீட்டுக்காரர் லிங்கசாமி வேலம்பாளையத்தில் பனியன் தைக்கும் யூனிட் நடத்தினார். ஒரே மகன் கந்தவேல், படித்து முடித்ததும் "இந்தப் பஞ்சுத் தூசியில என்னால முடியாதுங்க" என்று மெட்ராஸில் வேலைக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து அப்பனும் மகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை. தீபாவளிக்கு வந்தாலும் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு பழனாயி வழியாகத்தான் பேச்சு.

பிறகு லிங்கசாமிக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. யூனிட் பழனாயியின் தலையில் வந்தது. வைத்தியச் செலவுக்குப் பழைய காரை விற்றார்கள். டிரைவிங் பழகியிருந்தும், லேபிள் கட்டையும் நூல்கண்டு மூட்டையையும் இடுக்கிக்கொண்டு அவர் பஸ்ஸில் போய் வந்தார். அதைக் கேள்விப்பட்டுத்தான் மகன் மெட்ராஸிலிருந்து ஒரு புதுக்காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான்.

"அம்மா, இதுக்கு ஈயம் கலக்காத பெட்ரோல்தான் ஊத்தோணும். மறந்துகூட வேற ஊத்தீறாதீங்க, உள்ள இருக்கறது போயிரும்."

"அது இங்க எங்க கண்ணு கெடைக்கும்?"

"சீக்கிரம் இங்கயும் வந்துருமுங்க. அதுவரைக்கும் கேன்ல அனுப்பறேன்."

கட்டிலில் படுத்திருந்த லிங்கசாமி விட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "அவனூர்ப் பெட்ரோலு குடிச்சாத்தான் ஓடுமாமா? அப்ப அவனூர்லயே நிக்கச் சொல்லு."

பழனாயி மகனிடம் திரும்பி, "நல்லா இருக்குதுங்கறாரு" என்றார்.

பஸ்ஸில் ஒன்றிரண்டு கேன்கள் வந்தன. பிறகு வாடை அடிக்கிறதென்று கண்டக்டர் ஏற்ற மறுத்துவிட்டார். கோயமுத்தூரில் விசாரித்தார்கள், அங்கேயும் இல்லை. வண்டி வாசலில் நின்றது. பழனாயி மறுபடி பஸ்ஸுக்குப் போனார்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது கட்டிலில் லிங்கசாமியைக் காணோம். சுவரைப் பிடித்துப் பிடித்து நகர்ந்து போய், வாசலில் நிற்கிற காரின் முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "முதுகுக்கு இதமா இருக்குது" என்றார். அதன்பின் தினமும் மத்தியானம் அங்கேதான்.

மெக்கானிக் கருப்புசாமி வந்து பார்த்தான். "அந்த டப்பாவைத் தட்டி உட்டுப்போட்டு, வாயையும் அறுத்துப் பெருசு பண்ணீட்டா எதையூத்தினாலும் குடிக்குமுங்கக்கா."

காருக்குள்ளிருந்து லிங்கசாமியின் குரல் வந்தது: "வண்டி மேல கைய வெக்காத. அவன் குடுத்தது குடுத்தபடியே இருக்கோணும்."

சிரிப்பதா அழுவதா என்று பழனாயிக்குத் தெரியவில்லை. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. போய்ச் சாப்பிட்டார்.

4

இந்த இடத்தில் நான் ஓர் ஆஸ்பத்திரிக் காட்சி வைத்திருந்தேன். லிங்கசாமிக்கு நெஞ்சுவலி வருகிறது, ஆட்டோ கிடைக்கவில்லை, பழனாயி நடுங்கும் கையால் கிடைத்த பெட்ரோலை ஊற்றி வண்டியை— நன்றாகத்தான் வந்திருந்தது. படித்திருந்தால் கண்கலங்கியிருப்பீர்கள். ஆனால் அப்படி எதுவும் நடக்கவில்லை. "அப்புறம் ஏனுங்கக்கா ஊத்துனீங்க?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது இவ்வளவுதான்: "சலிச்சுப் போச்சுங்க."

நெஞ்சுவலியை எழுதிவிடலாம். சலிப்பை எழுதுவது பெரும்பாடு. முயல்கிறேன்.

அன்று பஸ்ஸில் நல்ல கூட்டம். லேபிள் மூட்டையை மேலே போடச் சொன்னார்கள். மழைத் தூறல், நனைந்தால் லேபிள் போச்சு. மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். யாரோ காலை மிதித்தார்கள். யாரென்று திரும்பிப் பார்க்கக்கூட பழனாயிக்குத் தோன்றவில்லை. (அந்தக் கால் எனக்கு முக்கியம். மிதிபட்டும் திரும்பாத அளவுக்கு ஒரு மனுஷி ஓய்ந்துபோகிறாள் என்றால்— விளக்க வேண்டாம், விட்டுவிடுகிறேன்.) அடுத்த நிறுத்தத்தில் இறங்கினார். எதிரே ரத்தினசாமியின் பெட்ரோல் பங்க்.

"ஒரு கேன்ல பெட்ரோல் குடுங்க."

"எண்பத்தியேழுங்களா, தொண்ணூத்திமூணுங்களா?"

பழனாயி வண்டியைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கேட்டார்: "ரெண்டுல எது கம்மியாக் கெடுக்குமுங்க?"

ரத்தினசாமி யோசித்தார். "கெடுக்கறதுல ரெண்டும் ஒண்ணுதானுங்கக்கா."

"அப்ப எண்பத்தியேழே போடுங்க."

கேனோடு வீட்டுக்குத் திரும்பி, வாசலில் நின்ற வண்டியின் சிறுத்த வாயில் புனலைச் செருகி ஊற்றினார். பெட்ரோல் களக் களக்கென்று இறங்கியது. வண்டிக்குள்ளே லிங்கசாமி உட்கார்ந்திருந்தார்.

"எந்தப் பெட்ரோலு?"

"கெடைச்ச பெட்ரோலு."

பழனாயி மூட்டையைப் பின்சீட்டில் போட்டார். ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தார்.

"கம்பெனிக்குப் போறனுங்க. எறங்கறீங்களா?"

லிங்கசாமி நல்ல கையால் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

படுத்த படுக்கையான பிறகு அவர் யூனிட்டைப் பார்த்தது அன்றுதான். மெஷின்களை நிறுத்திவிட்டுத் தையல்காரர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். காரிலிருந்து இறங்காமலே ஒவ்வொருவரிடமும் பேசினார். மறுநாள் பழனாயி கிளம்புமுன்னே சட்டை போட்டுக்கொண்டு வண்டியில் இருந்தார்.

கந்தவேல் போனில் கேட்பான்: "வண்டி எப்படிங்மா ஓடுது?"

"நல்லா ஓடுது சாமி."

என்ன ஊற்றுகிறீர்கள் என்று அவன் கேட்டதில்லை. தெரிந்தே கேட்காமல் இருந்தானா? இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மகன்களை எனக்கு அவ்வளவாக எழுத வராது.

5

அடுத்த வருடம் தீபாவளிக்கு வந்த கந்தவேல், "நான் ஓட்டறேன்" என்று சாவியை வாங்கினான். முன்சீட்டிலிருந்து லிங்கசாமி நகரவில்லை. பழனாயி பின்னால் ஏறினார். வீதி முனை திரும்பும்போதே அடியில் கலகலப்பு. மேட்டில் வண்டி இழுக்கத் திணறியது. கந்தவேலின் காது அந்தச் சத்தத்திலேயே இருந்ததைப் பழனாயி பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு ஒரு வாக்கியம் தேடினார். "கண்ணு, அது வந்து—"

பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. அவன் தானாகவே ரத்தினசாமியின் பங்க்குக்குள் திருப்பினான்.

"வாங்கக்கா, எப்பவும் போலத்தானுங்களே?" என்று கேட்டுக்கொண்டே ரத்தினசாமி ஆபீஸிலிருந்து புனலை எடுத்து வந்தார். பண்டிகைக் கூட்டம். பின்னால் வரிசை சேர்ந்தது.

பழனாயி கண்ணை மூடிக்கொண்டார். மகன் இனித் தன்னிடம்தான் கேட்பான், அதை அவன் அப்பாவிடம் தான் வேறு மாதிரி சொல்ல வேண்டும், அவர் சொல்வதை இவனிடம் வேறு மாதிரி சொல்ல வேண்டும். அதற்கும் இனித் தெம்பில்லை என்று நினைத்தார்.

கந்தவேல் பின்னால் திரும்பவில்லை. பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, இத்தனை வருடத்துக்கும் பிறகு நேராகக் கேட்டான்:

"எதுங்கப்பா ஊத்தறது?"

6

லிங்கசாமி பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று பழனாயி என்னிடம் சொல்லவும் செய்தார். அதை வைத்து ஒரு முடிவு எழுதினேன். அதில் லிங்கசாமி அழுதார். அடித்துவிட்டு இன்னொன்று எழுதினேன். அதில் வழக்கம்போல விட்டத்தைத் தேடி, கார் கூரையைப் பார்த்துக்கொண்டு, "உங்கம்மாளைக் கேளு" என்றார். இரண்டும் அவர் குரலில் ஒலிக்கின்றன. இரண்டிலும் வண்டி கிளம்பிவிடுகிறது. எது நடந்தது என்று எனக்குத் தெரியும்; எது சரி என்று தெரியவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படிப் பேசாமல் இருக்கிற இரண்டு பேர் இருக்கலாம். அவர்களில் ஒருவர் இறங்கிவந்து, போயும் போயும் ஒரு பெட்ரோலைப் பற்றிக் கேட்டுவிட்டார். ரத்தினசாமி புனலை வாயில் செருகிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பழனாயி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

பதிலை நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள்.