கார்த்திகேசு அண்ணன் வீட்டு வெயில்

கீமோ சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய வாரத்திலேயே, கொல்லைப்புறத்தில் காய்கறி போடுவதென்று புனிதா முடிவு செய்துவிட்டாள். கணவன் தர்மேந்திரனுக்கு லூமுட்டில் கப்பல் பட்டறை வேலை. சனி ஞாயிறில்தான் சிலிபினில் இருக்கும் வீட்டுக்கு வருவான். மற்ற நாட்களில் படுத்துப் படுத்து அவளுக்கு உடம்பை விட மனசு நொந்து போயிருந்தது.

இடது மார்பில் அறுவை செய்திருந்தார்கள். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது, மண்ணைத் தொட்டால் கையுறை போட வேண்டும் என்று தாதி சொல்லியிருந்தார். எனவே முதலில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலையைச் செய்தாள். சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, வெயில் எங்கே விழுகிறது, எப்போது நகர்கிறது என்று பார்த்து, நிழலின் ஓரமெல்லாம் கூழாங்கல் வைத்தாள்.

சாயங்காலம் கல்வரிசையைப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. பக்கத்து வீட்டு மாமரம் முக்கால்வாசி இடத்தை மூடியிருந்தது. பின்மதிலோரமாக ஒரு பாய் அகலத்துக்குத்தான் வெயில்.

அந்த மரத்துக்காரர் கார்த்திகேசு, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாவிலை விழுந்து சாக்கடை அடைத்துக்கொள்கிறது என்று முன்பு ஒருமுறை தகராறு. தர்மேந்திரன் கோபத்தில், கேட்காமல் கொள்ளாமல் ஒரு கிளையை வெட்டிவிட்டான். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அவரிடம் போய் மரத்தைக் கழிக்கச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

கிடைத்த இடத்திலேயே போட்டாள். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய நிலம் அது. மண் வெறும் மணல். பத்து காஜா ஊர்ப் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்தில் மாடு வளர்க்கிறவரிடமிருந்து தர்மேந்திரன் சாணம் வாங்கி வந்து கலந்து கொடுத்தான். வெண்டையும் பயத்தங்காயும் முளைத்தன. ஆனால் வெளிறிப்போய், நூல்போல் நீண்டு, எல்லாம் வெயில் இருந்த கார்த்திகேசு வீட்டுக் கம்பிவேலிப் பக்கமே சாய்ந்தன.

ஒரு நாள் காலை, கொல்லையில் ‘டக் டக்’ என்று சத்தம். எட்டிப் பார்த்தால் கார்த்திகேசு குந்தி உட்கார்ந்து பாகார் வேலிக் கம்பியை வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டுவிட்டு எழுந்தார்.

“மரம் காய்க்குற மரம், அத வெட்ட மாட்டேன்மா. அதான் பாகார வெட்டிட்டேன்” என்றார். “இந்தப் பக்கம் முழுக்க வெயிலு. சும்மாதானே கெடக்கு. வந்து நடு லா.”

புனிதா கையுறையோடு அப்படியே நின்றாள். “அண்ணே, உங்க எடத்துல எப்படிண்ணே...”

“செடி ஒரு வாரமா என் வீட்டத்தான் பாத்துக்கிட்டு இருக்கு. எனக்குக் கண்ணு தெரியாதா?” அவர் வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்: “நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப வந்து பாக்கணும்னு நெனச்சேன். வந்து என்ன பேசுறதுன்னு தெரியல.”

அவள் வேலியருகே வந்தாள். “இப்ப பேசிட்டீங்களே” என்றாள்.

மண்ணை அவரே சாங்கோல் மண்வெட்டியால் கொத்திப் போட்டார். பாத்தி எந்தத் திசையில் ஓட வேண்டும், உயரமாகப் படரும் பயத்தங்கொடிக்கு எங்கே கம்பு நட்டால் கத்தரிக்கு நிழல் விழாது என்றெல்லாம் அவள் சொன்னாள். சில இடத்தில் அவர் மறுத்தார், சில இடத்தில் அவள் விடவில்லை. சாய்ந்த நாற்றுகளைப் பிடுங்கிப் போட மனம் வராமல், அவற்றையும் கொண்டுவந்து ஓரமாக நட்டாள். பாதி பிழைத்தது.

அந்தச் சனிக்கிழமை தர்மேந்திரன் வந்தான். வேலியில் வழியைப் பார்த்தான். அதற்கப்பால் பாத்திக்குத் தண்ணீர் ஊற்றும் மனைவியைப் பார்த்தான். வெகு நாளைக்குப் பிறகு அவள் முகத்தில் வியர்வை. செருப்பைக்கூடப் போடாமல் அந்தப் பக்கம் போனான்.

“அண்ணே, அன்னிக்கு அந்தக் கெளைய...” என்று ஆரம்பித்தான்.

“அது எப்பவோ துளுத்துருச்சு தம்பி. அந்தச் சாண மூட்டைய இப்படி நகத்து.”

மழையும் வெயிலும் மாறி மாறி வந்ததில் செடிகள் மளமளவென்று எழுந்தன. வெண்டை மஞ்சளாகப் பூத்துக் காய்த்தது. முதல் பறிப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வலது கையாலேயே அறுத்தாள். ஈரமும் முள்ளுமாய்ப் பிஞ்சுகள் கூடையில் விழ விழ, இந்தக் காலையைப் பார்க்க உயிரோடு இருக்கிறோமே என்ற நினைப்பில் கண் கலங்கியது. முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சரிபாதியைக் கார்த்திகேசுவிடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. “எனக்கு வெண்டிக்கா ஆகாதும்மா. கொழகொழன்னு இருக்கும்.”

“அப்புறம் எதுக்குண்ணே இவ்வளவு நாளும் தண்ணி ஊத்துனீங்க?”

“உனக்குப் புடிக்குமேன்னுதான்.”

புனிதா சிரித்துவிட்டாள். வயிறு குலுங்கச் சிரித்து எவ்வளவோ காலமாயிற்று.

“சரி, உங்களுக்கு என்னதான் புடிக்கும், சொல்லுங்க.”

அவர் கூடையை அவள் பக்கமே நகர்த்தினார். “பாவக்கா. நல்லாக் கசக்கணும்.”

அன்று மாலையே தர்மேந்திரன் கடைக்குப் போய் விதை வாங்கி வந்தான். அவள் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பாகல் விதைகளை ஊறப் போட்டாள்.