காளிதாஸின் காலில் இருந்த கிருமி

நாமக்கல் பக்கம் ஊருக்குக் கிளம்புகிற யாரையும் வெறுமனே 'போ' என்று அனுப்ப மாட்டார்கள். 'போயிட்டு வா' என்பார்கள். சுகன்யாவின் அண்ணன் காளிதாஸும் வெளியூரில் கிணறு துளைக்கும் வேலைக்குப் போர்வெல் ரிக் வண்டியில் ஏறும்போது, "வாரேன் சாமி" என்று தங்கை தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போவான். திரும்பும்போது தெருமுனையிலேயே ஹாரன் அடித்து ஊரை எழுப்பிவிடுவான். அப்பா திட்டுவார், அவள் ஓடுவாள். அந்தச் சத்தத்துக்கு அவள் காது இன்னும் ஏங்குகிறது.

ஒருமுறை குழாய் விழுந்து காலில் புண்ணோடு வந்தான். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னதற்கு, "கோழிக்குக் கேக்கறது எனக்குக் கேக்காதாக்கும்?" என்று சிரித்தான். அப்பாவின் பண்ணையில் கோழித் தண்ணீரில் கலக்கும் ஆன்டிபயாடிக் பொடியை எடுத்துத் தூவிக்கொண்டான். வலித்தால் தூவுவான், குறைந்தால் விட்டுவிடுவான். அரைகுறை மருந்தில் கிருமி அதற்குப் பழகி நன்றாகத் தேறிக்கொண்டது. கடைசியில் ஆஸ்பத்திரியில் எந்த மருந்துக்கும் அது மசியவில்லை. தீவிர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போனபோதும் "வாரேன் சாமி" என்றுதான் சொன்னான். வரவில்லை.

அவன் புண்ணிலிருந்து எடுத்த கிருமி, சுகன்யா வேலை செய்யும் சேலத்து ஆய்வகத்தின் உறைபெட்டியில் உயிரோடு இருந்தது. கிருமியைக் கொல்லும் பெப்டைடு என்ற குட்டிப் புரதங்களைப் புதிதாக வடிவமைக்க அவள் செயற்கை நுண்ணறிவைப் பழக்கியிருந்தாள். இயற்கையில் இல்லாதவற்றையெல்லாம் அது சலிக்காமல் எழுதித் தள்ளியது. தேறியவற்றைச் செய்து வாங்கி, அண்ணனின் கிருமியோடு மோதவிட்டாள். சில அதைத் தொடவே இல்லை. சில ரத்த அணுக்களையும் சேர்த்து உடைத்தன. ஆளையும் கொல்கிற மருந்தை வைத்து என்ன செய்ய? ஒவ்வொரு முறையும் அந்தக் கிருமிக் குப்பியைத் திரும்ப உறைபெட்டியில் வைக்கும்போது, "போயிட்டு வாங்கண்ணா" என்பாள். கூட வேலை பார்க்கும் நான்சி கேலி செய்வாள்.

இன்று காலை நான்சி சோதனைத் தட்டோடு ஓடி வந்தாள். "அக்கா, இது கேக்குது! ரத்தத்துக்கும் ஒண்ணும் ஆகல."

கிருமி வளர்ந்து கலங்கியிருக்க வேண்டிய குழிகள் கிணற்றுத் தண்ணீராகத் தெளிந்திருந்தன. மருந்தாக வர இன்னும் வருஷங்கள் ஆகும். ஆனாலும் சுகன்யாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே, அண்ணனிடமிருந்து உயிரோடு மிஞ்சியது இந்தக் கிருமி ஒன்றுதானே என்ற பாழாய்ப்போன நினைப்பும் வந்தது.

"தட்டை அவிக்கப் போட்டுறட்டுமாக்கா?"

"நானே போடறேன்."

மருந்து படாத குழிகளில் கிருமி இன்னும் கலங்கலாக வளர்ந்து கிடந்தது. கொதி நீராவியில் அவித்துக் கிருமியைக் கொல்லும் எந்திரத்துக்குள் தட்டை வைத்தாள். பழக்கத்தில் நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கினாள்.

"போ" என்றாள். மூடியை இறுக்கிவிட்டு, அதன் மேலேயே சாய்ந்து அழுதாள்.