ஒரே ஒரு கருப்புக் கோலி

கல்லூரி மேட்டில் ஓடிக்கொண்டிருந்தேன். டை தோளுக்குப் பின்னால் பறந்தது. இடது ஷூவின் கயிறு அவிழ்ந்து தரையில் அடித்துக்கொண்டே வந்தது. நின்று கட்ட நேரமில்லை. ரயில் நிலையத்தில் தர்லோ இறங்கிவிட்டார், எங்கள் சங்கத் தலைமையகத்தின் மேற்பார்வையாளர்.

மாலை ரயிலில் வருவதாகத்தான் தந்தி கொடுத்திருந்தார். காலை ரயிலில் வந்து நின்றார். அவர் எங்கள் சங்க வீட்டு வாசற்படியில் கால் வைப்பதற்குள் நாங்கள் ஓட்டுப் போட்டு முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் வீடு போச்சு, சங்கம் போச்சு, லூஷியஸும் போச்சு.

எல்ம் தெரு வீட்டின் கதவைத் தோளால் இடித்துத் திறந்தேன். எங்கள் தலைவன் ஹாலிஸ் மாடிப்படியில் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டாரு," என்றேன்.

"எவ்ளோ தூரத்துல, வெண்டல்?"

"லூஷியஸ் கூட்டிட்டு வர்றான்."

ஹாலிஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தான். நடந்ததைச் சொன்னேன்.

அவர் முன்கூட்டியே வந்துவிடுவாரோ என்று காவலுக்காக நானும் லூஷியஸ் டேனும் நிலையத்தில் நின்றிருந்தோம். தர்லோ முதல் வகுப்பிலிருந்து இறங்கினார், சுற்றிப் பார்த்தார். பிளாட்பாரத்தில் நின்ற ஒரே கறுப்பு முகம் லூஷியஸுடையது. அவன் போட்டிருந்த கோட்டும் டையும் என்னுடையதைவிட நல்லவை. விவாத அணியின் பேட்ஜ் மார்பில் மின்னியது. தர்லோ அது எதையும் பார்க்கவில்லை. இரண்டு பெட்டிகளையும் அவன் கையில் திணித்து, எல்ம் தெரு, சீக்கிரம் நட என்றார். டாக்சி கிடைக்குமா என்று வேறு கேட்டார். இன்று கால்பந்து ஆட்டம், டாக்சியெல்லாம் மைதானத்துக்குப் போய்விட்டது, பக்கம்தான் சார், என் பின்னால் வாங்க என்றான் லூஷியஸ். போகிறபோக்கில் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறந்தான். நான் ஓடத் தொடங்கினேன்.

ஹாலிஸ் ஒரு விநாடி சிரித்தான். பிறகு எழுந்து உணவு மணியை அடித்தான். வீடு முழுவதும் கூடத்தில் இறங்கியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பது, அக்டோபர். ஆஷ்மோர் கல்லூரியில், மாணவர்கள் ஒரே வீட்டில் தங்கிச் சாப்பிடுகிற சகோதர சங்கம் ஒன்றில் இல்லாத பையனுக்குச் சாப்பிட ஒரு மேஜைகூடக் கிடையாது. எங்கள் சங்கம் அமெரிக்கா முழுவதும் கிளைகள் உள்ள பெரிய சங்கம். புது உறுப்பினரைச் சேர்க்க ஒரு மரப்பெட்டி வைத்திருந்தோம். பக்கத்தில் ஒரு தட்டு, அதில் வெள்ளைக் கோலிகளும் கருப்புக் கோலிகளும். கையை மூடிக்கொண்டு ஒன்றைப் பெட்டிக்குள் போட வேண்டும். வெள்ளை என்றால் சம்மதம். கருப்பு ஒன்றே ஒன்று விழுந்தாலும் அந்தப் பையன் வெளியே. யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது.

செப்டம்பரில் லூஷியஸின் பெயரை நான்தான் சொன்னேன். வேதியியல் கூடத்தில் என் மேஜைத் துணை அவன். நாங்கள் கலக்கியதெல்லாம் புகைந்ததற்கு நான் காரணம், வெடிக்காமல் இருந்ததற்கு அவன் காரணம். வெள்ளையரைத் தவிர யாரையும் சேர்க்கக் கூடாது என்று தலைமையகத்தின் விதி ஒன்று இருந்தது. முதலில் சேர்ப்போம், அவர்கள் கத்தும்போது பார்த்துக்கொள்வோம் என்று எல்லோரும் வீரம் பேசினோம். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கருப்புக் கோலி.

அன்று முதல் அந்த வீட்டில் சோறு இறங்கவில்லை. வெண்ணெயை நீட்டுகிறவன் கையைப் பார்ப்போம். இந்தக் கைதானா? பெரும்பாலும் எல்லோர் கண்ணும் ராய்ஸ் மேல்தான் இருந்தது. பசிபிக் போரிலிருந்து திரும்பி வந்து படிக்கிறவன், நிறவேற்றுமை ஊறிய தெற்கத்தி டென்னசிக்காரன். அன்றைய ஓட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவன் அவன் மட்டும்தான்.

செய்தியை லூஷியஸிடம் திக்கித் திணறிச் சொன்னேன். கண்ணாடிக் குடுவையைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டான். "ஒண்ணுதானா?" என்று மட்டும் கேட்டான். ஒன்றுதான் என்றேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த குடுவையை எடுத்தான். வலியை மறைக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தச் சங்கமே வேண்டாம் என்று முதலில் சொன்னவன் ஹாலிஸ். கிளை நடத்தத் தலைமையகம் கொடுத்த சாசனத்தைத் திருப்பிக் கொடுப்போம், நமக்கு நாமே ஒரு சங்கம் தொடங்குவோம், எவன் தலைமையகமும் நமக்குத் தேவையில்லை என்றான். பெட்டியும் கிடையாது, கோலியும் கிடையாது, கையைத் தூக்கிச் சொல்கிற தைரியம் உள்ளவன் சொன்னால் போதும் என்றான். ஆனால் அந்தப் பழைய விதிப்படி வெளியேறவும் அதே பெட்டிதான். எல்லாம் வெள்ளையாக விழுந்தால் வீடு எங்களோடு வரும். ஒரு கருப்பு விழுந்தாலும் அதைப் போட்டவன்தான் கிளை, வீடு அவனுக்கு. தலைமையக ஆள் வந்து உட்கார்ந்துவிட்டால் ஓட்டே கிடையாது. தலைமை நாற்காலி அவருடையது.

முன்பு கருப்புப் போட்டவன் இப்போதும் எங்களுக்குள்தான் நின்றுகொண்டிருந்தான்.

ஹாலிஸ் பெட்டியை மேஜையில் வைத்தான். வரிசை நகர்ந்தது. ஜன்னலோரம் நின்றவன் நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தான். தர்லோ தெருமுனையில் தெரிகிறார். லூஷியஸ் முன்னால் பெட்டிகளோடு. இப்போது நின்று சர்ச் கோபுரத்தைக் காட்டி ஏதோ விளக்குகிறான். தர்லோ குடையால் தரையைக் குத்துகிறார். லூஷியஸ் இடப்பக்கம் திரும்புகிறான்.

"இடப்பக்கம் மைதானம்டா," என்றான் ஒருவன்.

"அதான் அவன் திரும்புறான்."

வரிசையில் சிரிப்பு ஓடியது. ராய்ஸ் பெட்டிக்கு முன்னால் வந்ததும் அது அடங்கியது. ராய்ஸ் தட்டில் கையை வைத்தான். எடுக்கவில்லை. கோலிகளை விரலால் அளைந்துகொண்டே எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு மூடிய கையைப் பெட்டிக்குள் விட்டான். டொக்கென்று ஒரு சத்தம். போய்ச் சுவரோரம் நின்றுகொண்டான்.

எனக்கு அடுத்து ஹாலிஸ். அவன்தான் கடைசி. எடுத்த கோலியை இரண்டு முறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் போட்டான். தலைவனுக்கு இவ்வளவு பயமா என்று நினைத்தேன்.

"திரும்பி வர்றாங்க," என்றான் ஜன்னல்காரன். "மைதானத்துல கூட்டம் வழி விடலபோல. நேரா இங்கதான்."

ஹாலிஸ் பெட்டியின் கீழறையை இழுத்தான். இழுத்த வேகத்தில் அறை கையோடு கழன்று வந்துவிட்டது. கோலிகள் மேஜையில் கொட்டி, விளிம்பு தாண்டித் தரையில் உருண்டன. நாங்கள் மண்டியிட்டுத் தேடினோம். சோபாவுக்கு அடியில், பியானோவின் காலடியில், கரி வாளிக்குப் பின்னால். வெள்ளை. வெள்ளை. வெள்ளை. கணப்புக்குப் பக்கத்தில் கருப்பாக ஒன்று தெரிந்தது. எடுத்துத் துடைத்தேன். கரி. அடியில் வெள்ளை.

யாரும் கத்தவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே ஒருவன் இன்னொருவன் முதுகில் அடித்தான், அவ்வளவுதான். ராய்ஸ் சுவரைவிட்டு வந்தான்.

"என்னையே பாத்துட்டு இருந்தீங்கல்ல. கண்ணு வலிக்குதா?"

பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. ஸ்குரூடிரைவரையும் ஏணியையும் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான். வாசலுக்கு மேலே சங்கத்தின் பெயரான மூன்று பித்தளைக் கிரேக்க எழுத்துகள் இருந்தன. முதல் எழுத்தை மட்டும் கழற்றினான். மிச்சம் இரண்டு எழுத்தும் எந்தச் சங்கத்துக்கும் பெயராக இல்லை, நமக்கு வைத்துக்கொள்ளலாம், புதிதாக வார்க்க வேண்டிய வேலை மிச்சம் என்று மேலிருந்தே சொன்னான். எங்கள் பெயர் அப்படித்தான் வந்தது.

"புதுச் சங்கத்தோட முதல் தீர்மானம்," என்றான் ஹாலிஸ். "லூஷியஸ் டேன். சேத்துக்கலாமா?"

கைகள் மேலே போயின. ஏணியிலிருந்து ராய்ஸின் கையும் போனது, பித்தளை எழுத்தோடு.

கைகளை இறக்குவதற்குள் தர்லோ படியேறினார். காலர் நனைந்திருந்தது. நகரத்தின் எல்லா நினைவுச் சின்னங்களையும் பார்த்த களைப்பு முகத்தில் தெரிந்தது. ஏணியையும் ராய்ஸின் கையிலிருந்த எழுத்தையும் பார்த்தார்.

"யார் கழட்டச் சொன்னது? கூட்டத்தை நான் நடத்துறேன். எல்லாரும் உக்காருங்க."

"கூட்டம் முடிஞ்சுது சார்," என்றான் ஹாலிஸ். "உங்க சாசனம் மேஜை மேல இருக்கு. எல்லாம் வெள்ளை, வேணும்னா எண்ணிப் பாத்துக்குங்க. நீங்க இப்ப எங்க விருந்தாளி. காபி சாப்பிடுறீங்களா?"

தர்லோ கோலிகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தன் மேற்பார்வைக்கு இனி எதுவும் இல்லை என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபத்தை வைக்க இடம் தெரியாமல், பெட்டிகளோடு நின்ற லூஷியஸின் பக்கம் திரும்பி ஒரு நாணயத்தை நீட்டினார். திரும்பவும் நிலையத்துக்கு எடுத்துப் போ என்றார்.

"அவரு எங்க பிரதர் சார்," என்றான் ஹாலிஸ். "இப்பத்தான் சேத்தோம்."

லூஷியஸ் ஏணியை, என்னை, ஹாலிஸை வரிசையாகப் பார்த்தான். பெட்டிகளை மெதுவாகத் தரையில் வைத்தான். விரல்களை விரித்து மடக்கினான்.

"அப்படின்னா காசு வேண்டாம் சார். என் வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட வாங்க மாட்டேன்."

தர்லோ தன் பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு இறங்கினார். இந்த முறை நிலையம் உண்மையிலேயே பக்கம்தான் இருந்தது.

மதியம் மேஜையில் வாட்டிய பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் ஆப்பிள் அப்பமும் பறந்தன. செப்டம்பருக்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அன்றுதான். மைதானத்தில் ஆஷ்மோர் கோல் போட்ட இரைச்சல் ஜன்னல் வழியாக வந்தது. எங்களுக்காகக் கத்துகிறார்கள் என்று ஒருவன் எழுந்து குனிந்து வணங்கினான்.

ராய்ஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"இப்பவாவது சொல்லுங்கடா. செப்டம்பர்ல கருப்புப் போட்டது எவன்? அடிக்க மாட்டேன். என் மேல பழி விழுந்துச்சு, தெரிஞ்சுக்கணும்."

ஹாலிஸின் காதுகள் சிவந்தன. அவன் வாயைத் திறப்பதற்குள் லூஷியஸ் கையைக் காட்டித் தடுத்தான்.

"ராய்ஸ், ஒண்ணு கேக்குறேன். நானே அன்னைக்கு வேண்டாம்னு ஒதுங்கியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

ராய்ஸ் யோசித்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "வருத்தப்பட்டிருப்போம். அப்புறம் சாப்பிடப் போயிருப்போம்."

"நான் உள்ள வந்திருந்தா?"

"தலைமையகம் உன்னைத் தூக்கிப் போட்டிருக்கும். நாங்க கண்டனம் எழுதிட்டு..." அவன் பார்வை தட்டுக்குப் போனது.

"எனக்கு உங்க கண்டனம் வேண்டாம். நீங்கதான் வேணும். நீங்க அந்தச் சங்கத்தைவிட்டு வெளிய வரணும். அதுக்கு உங்க தூக்கம் போகணும்." லூஷியஸ் ஆப்பிள் அப்பத்தின் கடைசித் துண்டை என் தட்டுக்குத் தள்ளினான். "ஹாலிஸ் மூணு தடவை மாட்டேன்னான். நாலாவது தடவை ஒத்துக்கிட்டான். எனக்கும் பயம்தான். பெட்டியில எத்தனை கருப்பு விழும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவன் என்னைப் பார்த்தான். குடுவை கழுவிய அந்தக் காலை எனக்கு ஞாபகம் வந்தது.

"ஒண்ணுதானான்னு வெண்டல்கிட்ட கேட்டேன். ஒண்ணுதான்னான். அந்த ஒண்ணு நான் போடச் சொன்னது."