எப்போதும் மூன்று குறைகிறது

அந்த மூன்று மட்டும் இடிக்காமல் இருந்திருந்தால், லுஃபுனோவுக்கு வங்கி வேலை ஞாபகமே வந்திருக்காது.

எல்லாப் பொருளுக்கும் அடியில் இருப்பதாகச் சொல்லப்படும் நுண்ணிய சரங்கள், கருந்துளைக்குள் எத்தனை விதமாக அதிரலாம் என்பதுதான் எங்கள் கணக்கு. அவன் ஈர்ப்பு விசையைப் பிடித்துக்கொண்டு எண்ணினான். வடிவியல்காரியான நான், கண்ணுக்குத் தெரியாமல் மடிந்து கிடக்கும் வெளியின் வடிவத்தை வைத்து எண்ணினேன். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். யானை நுழைந்துவிட்டது, வால்தான் மாட்டிக்கொண்டது. எந்த வடிவத்தை எடுத்தாலும் அவன் எண்ணிக்கையைவிட எனக்கு மூன்று குறைந்தது. இரண்டு வருடமாக இதே கூத்து. வெறுத்துப்போய், ஒரு வெள்ளிக்கிழமை ஜோஹன்னஸ்பர்கில் எங்கள் பல்கலைக்கழக வாசலிலிருந்து சாண்டன் பகுதியில் ஒரு வங்கிக்கு, வேலையில் சேரக் கையெழுத்துப் போடக் கிளம்பிவிட்டான் லுஃபுனோ. அவன் போனால் இந்தக் கணக்கும் போச்சு. அவன் ஏறிய ஷேர் டாக்சி வேனிலேயே நானும் ஏறி, பின்சீட்டில் அவன் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்தேன்.

"இந்த மூளைய வெச்சு அங்க வட்டி பாக்கப் போறியா?"

"வட்டியாவது கூட்டினா சரியா வரும், ரெஃபில்வே. நீ எதையோ எண்ணாம விட்டுருக்க."

"ஒண்ணும் விடல. வடிவம் எத்தன விதமா நெளியுமோ அத்தனையும் எண்ணியாச்சு."

முன்சீட்டு அம்மாள் திரும்பினாள். "மொதல்ல நீங்க ரெண்டு பேரும் நெளியாம உக்காருங்க. வண்டி ஆடுறது பத்தாதா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் பொறி தட்டியது. வண்டிக்குள் நெளிகிறவர்களை மட்டும்தான் நான் எண்ணியிருக்கிறேன். வண்டியே ஓடுகிறதே. ஒரு வடிவத்தை எங்கே நகர்த்தி வைத்தாலும் வடிவியல்காரர்களான எங்களுக்கு அது அதே வடிவம்தான். நகர்வதை நாங்கள் எண்ணுவதில்லை. லுஃபுனோவின் ஈர்ப்பு விசைக் கணக்கு அதையும் எண்ணும்.

"லுஃபுனோ, சரம் மொத்தமா நகரலாமே. எத்தன திசையில?"

"முன்ன பின்ன ஒண்ணு. இடம் வலம் ஒண்ணு. மேல கீழ..." அவன் மூன்றாவது விரலை மடக்கினான். "மூணு."

கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதுவரை வந்ததில்லை. பின்சீட்டில் இருந்த மற்றவர்கள் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார்கள்.

"பேங்குல எறங்கணும்னு சொன்னது யாரு?" என்றார் டிரைவர். "தாண்டியாச்சு."

"போகட்டும்ண்ணே. மூணு திசைல எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க," என்றான் லுஃபுனோ.

"மேல மட்டும் வேணாம்," என்றாள் முன்சீட்டு அம்மாள். "இவரு ஓட்டுற ஓட்டத்துக்கு, மொதல்ல அங்கதான் போய்ச் சேருவோம்."