ஊத்துக்குழியில் கொட்டியது

குனிந்தால் நிமிர முடியவில்லை. ஞானமணிக்கு இடுப்பு அப்படிப் பிடித்துக்கொண்டது. திங்கட்கிழமை என்றாலே இதே பாடுதான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளாற்றுத் தடுப்பணையில் புதுக்கோட்டை, திருமயம் பக்கத்துச் சனமெல்லாம் குளித்துக் கும்மாளம் போட்டுவிட்டுப் போகும். மறுநாள் விடிய அவள் சாக்கோடு வந்து நிற்பாள். ஊராட்சியில் தூய்மைக் காவலர் வேலை. கொடுத்த கையுறை போன வருசமே கிழிந்துபோனது.

மற்ற குப்பைகூடப் பரவாயில்லை. கண்ணாடிதான் ஆளைக் கொன்றது. பைக்கில் வருகிற பயல்கள் குடித்து முடித்த பாட்டிலைத் தடுப்பணைச் சுவரில் வீசி அடிப்பார்கள். எவன் தூரத்தில் நின்று உடைக்கிறானோ அவன் கெட்டிக்காரன். அவ்வளவுதான் விளையாட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே நேரில் போய்ச் சொல்லிப் பார்த்தாள்.

"அடிக்காதீங்கப்பா. சின்னப் புள்ளைக கால் வைக்கிற எடம்."

தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம் அடித்திருந்தவன் சிரித்தான். "நாங்க ஒடைச்சாத்தானே ஆன்ட்டி ஒங்களுக்கு வேலை? நியாயமாப் பாத்தா எங்களுக்கு நீங்க டீ வாங்கித் தரணும்."

இன்னொருத்தன் போனை நீட்டினான். "ஆன்ட்டி, இங்கிட்டுப் பாருங்க. நம்ம சேனலுக்கு ஒரு வணக்கம் வைங்க."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பினாள். மூடிய அந்த முகத்துக்கும் பாட்டுப் போட்டு வீடியோவாக வெளியே விட்டுவிட்டார்கள். குளத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் பிளெஸ்ஸி போனில் அழுதாள். "எதுக்கும்மா அங்க போய் நிக்கிற? இங்க எல்லாரும் பாத்துட்டாங்க."

ஊராட்சி கிளார்க் சார்லஸிடம் போனாள். "கண்ணாடி கனக்குது தம்பி. குப்பை வண்டியக் கொஞ்சம் ஆத்துக்குள்ள வரச் சொல்லுங்க."

"மணல்ல வண்டி எறங்காதும்மா. ரோட்டுல கொண்டாந்து வச்சிருங்க, ஏத்திக்கிருவான்."

ரோட்டுக்கு அரைக் கிலோமீட்டர். மணலில் ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுக்கும். இரண்டு வாரம் சுமந்தாள். மூன்றாவது வாரம் பாதியில் உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க முடியவில்லை. எதிரே நாணல் புதருக்குப் பக்கத்தில் பழைய ஊத்துக்குழி பள்ளமாகக் கிடந்தது. குழாய் வருவதற்கு முன்னால் ஊரே அங்கேதான் மணலைப் பறித்துக் குடிதண்ணீர் எடுத்தது. குழாய் வந்து எட்டு வருசமாகிறது. அந்தப் பக்கம் ஆடு மாடுகூடப் போவதில்லை.

சாக்கைக் கவிழ்த்தாள். இருப்பது ஒரு சாக்கு, அது அடுத்த வாரத்துக்கு வேண்டும். மேலே மணலைத் தள்ளி மூடினாள். அதன்பிறகு தையிலிருந்து சித்திரை முடியத் திங்கட்கிழமை கண்ணாடி எல்லாம் அந்தக் குழிக்குத்தான் போனது. ரோட்டுக்குச் சாக்கு ஏன் வரவில்லை என்று சார்லஸும் கேட்கவில்லை.

வைகாசியில் ஆறு வறண்டது. ரோடு போடத் தோண்டியவர்கள் குடிநீர்க் குழாயை உடைத்துவிட்டார்கள். நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை. டேங்கர் வந்து வீட்டுக்கு இரண்டு குடம் ஊற்றியது. ஞானமணியும் வரிசையில்தான் நின்றாள். ஊத்துக்கு எவளாவது போவாள் என்கிற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் போனாள். பூக் கட்டிப் பிழைக்கிறவள், தனிக்கட்டை. டேங்கர் தண்ணீரில் மருந்து நாற்றம் குமட்டுகிறதென்று குடத்தையும் கொட்டாங்குச்சியையும் எடுத்துக்கொண்டு விடியற்காலையில் ஆற்றில் இறங்கிவிட்டாள். ஊத்தை இந்த ஊரில் மண்வெட்டி போட்டுத் தோண்ட மாட்டார்கள். தண்ணீர் கலங்கிவிடும். இரண்டு கையாலும் அள்ளி அள்ளித்தான் பறிப்பார்கள். கண்ணாத்தாளும் அப்படித்தான் முழங்கை வரைக்கும் கையை விட்டாள்.

துண்டில் சுற்றிய கையோடு பைக்கில் ஏற்றிப் போனார்கள். துண்டு முழுக்க ரத்தம். வலது கையில் நரம்பு அறுந்துவிட்டது, இரண்டு விரல் இனி மடங்காது என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பூக் கட்டுகிறவளுக்கு அந்த இரண்டு விரல்தான் எல்லாம்.

அன்று சாயங்காலமே ஊர் ஆற்றுக்குள் இறங்கியது. மணலில் குடித்துக்கொண்டிருந்த ஐந்து பேரை வளைத்துக்கொண்டார்கள். கண்ணாத்தாளின் தம்பி சேவுகன் செம்பட்டைத் தலையனின் சட்டையைப் பிடித்து அறைந்தான்.

"எங்க அக்கா கைய நீயா தருவ?"

"அண்ணே, நாங்க செவத்துலதாண்ணே அடிப்போம். அம்புட்டுத் தொலவுல ஊத்துல கொண்டுபோய் எவன்ணே போடுவான்?"

"பொய் வேறயாடா நாயே!" இன்னொரு அறை. உதடு கிழிந்தது.

பயல் சுற்றும் முற்றும் பார்த்தான். கூட்டத்தில் ஞானமணியின் முகம் தட்டுப்பட்டது. "ஆன்ட்டி, நீங்களாச்சும் சொல்லுங்க. வாராவாரம் அள்ளுறது நீங்கதானே? நாங்க ஊத்துப் பக்கம் போயிருக்கோமா?"

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. சார்லஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சொன்னால் ஞானமணிக்கு வேலை போகும். வேலை போனால் போகட்டும். அந்தத் தெருவில் கண்ணாத்தாளின் முகத்தில் எப்படி முழிப்பது?

"எனக்குத் தெரியாதுப்பா" என்றாள்.

பயல் அவளைப் பார்த்தபடியே மூன்றாவது அறையையும் வாங்கினான். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. ஞாயிற்றுக்கிழமை வேறு பைக்குகள் வந்தன, வேறு பயல்கள். சுவரில் மறுபடியும் பாட்டில் உடைகிற சத்தம். திங்கட்கிழமை ஞானமணி சாக்கை ரோடு வரைக்கும் இழுத்துக்கொண்டே போனாள். வண்டி வரவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் ரசம் சோறு பிசைந்துகொண்டு கண்ணாத்தாள் வீட்டுக்குப் போகிறாள். உருட்டி ஊட்டுகிறாள்.

நேற்று இரண்டு வாய் வாங்கியதும் கண்ணாத்தாள் அழுதுவிட்டாள். "கூடப் பொறந்தவன்கூட ரெண்டு நாளைக்கு மேல எட்டிப் பாக்கலக்கா. இந்தக் கடனை நான் எந்தக் காலத்துல அடைப்பேன்?"

"பேசாம சாப்புடு."

"அந்தப் பயலுவ வெளங்குவானுங்களாக்கா?"

ஞானமணி அடுத்த உருண்டையை அவள் வாயில் வைத்தாள். உருண்டை உடைந்து சோறு மடியில் சிந்தியது. கண்ணாத்தாள் தன் இடக்கையாலேயே அதைப் பொறுக்கித் தட்டில் போட்டாள்.

அடைக்க வேண்டியவள் ஞானமணி. 'ஊத்துல கொட்டுனது நாந்தான்' என்கிற ஒரு வார்த்தை. கண்ணாத்தாளுக்கு அவள் அதை இன்னும் கொடுக்கவில்லை.