டெல்லி கணக்கில் ஒரு குழந்தை

ஷ்ரவணுக்கு எதையும் அட்டவணை போட்டுப் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். டெல்லி துவாரகாவில் வாடகை வீடு தேடியபோது பதினான்கு வீடுகளுக்கு மார்க் போட்டு வரிசைப்படுத்தினான். முதலாவதாக வந்த வீட்டில் காலையில் தண்ணீர் வராது என்பது குடிபோன மறுநாள் தெரிந்தது. ஜ்யோத்ஸ்னாவைக் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்பும் ஓர் அட்டவணை போட்டான் என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். அது பொய். இரண்டு போட்டான்.

உத்தியோகமும் அதற்கேற்றாற்போல் அமைந்தது. ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் புள்ளிவிவர அதிகாரி. முப்பத்திரண்டு வாரம்கூட நிறையாமல் பிறக்கிற குழந்தைகள் எந்த மாநிலத்தில் எத்தனை பிழைக்கின்றன என்று கணக்கெடுத்து, மாநிலங்களை மேலிருந்து கீழாக அடுக்குவது அவன் வேலை. ஏழு வருஷமாக அடுக்குகிறான். வருஷா வருஷம் தமிழ்நாடு மேலே நிற்கும், டெல்லி எங்கேயோ கீழே கிடக்கும். அதைப் பார்த்து, தானே பிரசவம் பார்த்த மாதிரி கான்டீனில் பெருமையடித்துக்கொள்வான். இத்தனைக்கும் அப்படிப்பட்ட குழந்தை ஒன்றைக்கூட அவன் கண்ணால் பார்த்ததில்லை. முதலில் பார்த்தது தன் மகளைத்தான்.

இருபத்தெட்டாவது வாரத்தில் ஜ்யோத்ஸ்னாவுக்கு ரத்த அழுத்தம் எகிறியது. ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஒரு கிலோ பத்து கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு படுத்திருந்தவளின் கை, ஷ்ரவணின் கட்டைவிரல் அளவுகூட இல்லை. பார்த்ததும் அவன், விழுந்துவிடக் கூடாதே என்று பக்கத்திலிருந்த மருந்துத் தள்ளுவண்டியைப் பிடித்தான். வண்டிக்குச் சக்கரம் இருந்தது. இருவருமாக ஐந்தடி தூரம் போய்ச் சுவரில் மோதி நின்றார்கள்.

"சார், நீங்க முதல்ல அந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஒங்களயும் அட்மிட் பண்ண இங்க எடம் கெடையாது," என்றான் மாசிலாமணி. திருநெல்வேலிக்காரன். அந்தக் குழந்தைகள் பிரிவின் ஆண் நர்ஸ். ஷ்ரவணைவிடப் பத்து வயது சின்னவன்.

உட்கார்ந்த ஷ்ரவண் மடிக்கணினியைத் திறந்தான். அதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம்.

டாக்டரம்மாவிடம், குழந்தை பிழைக்க நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று கேட்டான். ஒவ்வொரு நாளாகப் பார்ப்போம் என்றார் அவர். தோராயமாகச் சொன்னால் போதும் என்றான். ஒவ்வொரு நாளாக, என்று மறுபடியும் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். மூன்று நாளில் எட்டுத் தடவை கேட்டிருப்பான். கடைசியில் அவர் அவனைக் கண்டால் வேறு கதவு வழியாகப் போக ஆரம்பித்தார்.

யாரும் எண் தராததால், தன்னிடமிருந்த எண்ணையே ஷ்ரவண் எடுத்துக்கொண்டான். அட்டவணையில் டெல்லி கீழே, தமிழ்நாடு மேலே. அப்படியானால் குழந்தை இருக்க வேண்டிய இடம் சென்னை. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற கணக்கு என்று நினைத்தான். சென்னையிலிருந்த மாமனார் ஓர் ஆஸ்பத்திரியில் இடம் பிடித்துவிட்டார். விமான ஆம்புலன்ஸ்காரர்கள் மாலை நான்கு மணிக்குக் கையெழுத்து வாங்க வருவதாகச் சொன்னார்கள். போவது மறுநாள் காலை. டாக்டரம்மா, குழந்தையை அசைப்பதே ஆபத்து என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். ஷ்ரவண் அட்டவணையைத் திறந்து அவரிடம் காட்டினான்.

வார்டில் படுத்திருந்த ஜ்யோத்ஸ்னாவிடமும் காட்டினான்.

"ஷ்ரவண், நான் இன்னும் அவள ஒரு வாட்டிகூடத் தொடல," என்றாள் அவள். "டாக்டர் வேணாங்கறாங்க. நீ எத நம்பி அவள ஏத்தி அனுப்பற?"

"டேட்டாவ நம்பி."

"யாரு போட்ட டேட்டா?"

"நான்தான்."

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தன் வேலையின் அருமை வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்ற வருத்தத்தோடு ஷ்ரவண் கீழே வந்தான்.

குழந்தைகள் பிரிவின் வாசலில், சட்டையெல்லாம் சிமெண்டுத் தூளோடு ஒருவன் தரையில் குந்தியிருந்தான். யாரையும் கேள்வி கேட்காமல் விட்டுப் பழக்கமில்லாத ஷ்ரவண், இந்தியில் ஆரம்பித்து அவன் தமிழன் என்று தெரிந்ததும் தமிழுக்கு மாறினான். பெயர் ஜெயபால். விழுப்புரம் பக்கம். இருப்பது டெல்லியில் ஒரு குடிசைப் பகுதி. கட்டட வேலைக்காக அவனும் மனைவி மஹாலட்சுமியும் எல்லை தாண்டி வேறு மாநிலத்தில், கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள்.

"எத்தனாவது வாரம்?" என்று கேட்டான் ஷ்ரவண்.

"ஏழு மாசம் சார். வாரமெல்லாம் தெரியாது. இருவத்தொம்போதுன்னு இங்க சொன்னாங்க."

"எடை?"

"ஒண்ணேகால் கிலோ."

ஒரு வாரம் கூடுதல். கால் கிலோ கூடுதல். தன் மகளைவிட அந்தக் குழந்தைக்கு வாய்ப்பு அதிகம் என்று ஷ்ரவணின் மண்டை தன்பாட்டுக்குக் கணக்குப் போட்டது. பொறாமைகூட எட்டிப் பார்த்தது. எதிரே குந்தியிருப்பவனின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அதற்குத் தோன்றவேயில்லை.

"கொட்டாயிலியே பொறந்துடுச்சி சார். முதல்ல ஒரு ஆஸ்பத்திரிக்கி எடுத்தும்போனோம், மிஷினு இல்லன்னுட்டாங்க. அடுத்த எடத்துல மிஷினு இருந்துச்சி, காலியில்ல. மூணாவது எடத்துல மஹாலட்சுமிய படுக்க வெச்சிக்கினு, கொழந்தைய டெல்லிக்கித் தூக்கிம்போன்னுட்டாங்க. வழியெல்லாம் ஜாமு. ஏழு மணி நேரம் சார். அழுதுக்கினே வந்துச்சி. அப்புறம் அழுவல. தூங்குதுன்னு நெனச்சேன். இங்க வந்து தொட்டுப் பாத்துட்டு, ஐஸு மாதிரி இருக்குன்னாங்க."

ஷ்ரவண், சாப்பிட்டாச்சா என்று கேட்டுவைத்தான்.

மூன்று மணிக்கு மாசிலாமணி வெளியே வந்தான். முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஜெயபாலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவன் தோளில் கை வைத்தான். ஜெயபாலுக்குப் புரிந்துவிட்டது. சத்தம் போடாமல் துண்டை வாயில் அடைத்துக்கொண்டான்.

உள்ளே ஏதோ மணி அடித்தது. மாசிலாமணி எழுந்தான். "சார், ஒரு ஒதவி பண்ணுங்க. இவுகளுக்கு இந்த ஃபாரத்த எழுதிக் குடுங்க. எனக்கு உள்ள இன்னும் ஆறு பிள்ளைய இருக்கு."

ஃபாரம் என்றதும் ஷ்ரவணுக்குத் தெம்பு வந்துவிட்டது. அவனை அழவைக்காத ஒரே பொருள் உலகத்தில் அதுதான். பேனாவைத் திறந்தான். தகப்பன் பெயர் எழுதினான். முகவரி: ஜெயபாலின் ஆதார் அட்டையில் இருந்தது டெல்லி. இறந்த இடம்: டெல்லி.

"பொறந்த எடம் எழுதணுமா சார்? அந்த ஊரு பேரு எனக்குச் சரியா வராது."

"அது வேண்டாம். அதுக்குக் கட்டம் இல்ல," என்றான் ஷ்ரவண்.

சொன்ன பிறகுதான் அவன் பேனா நின்றது. ஃபாரத்தைப் பார்க்காமலே கட்டம் இல்லை என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? இந்த ஃபாரத்தின் நகல் மாதக் கடைசியில் அவன் மேஜைக்குத்தான் வரும். ஜெயபாலின் குழந்தையை அவன்தான் டெல்லி கணக்கில் ஒன்றாகக் கூட்டுவான். அட்டவணைக்கு அடியில், எறும்பு அளவு எழுத்தில் ஓர் அடிக்குறிப்பு உண்டு: 'குழந்தை எந்த மாநிலத்தில் இறந்ததோ அந்த மாநிலத்தின் கணக்கில் சேர்க்கப்பட்டுள்ளது; பிறந்த இடம் கணக்கில் கொள்ளப்படவில்லை.' எழுதியது ஷ்ரவண். ஏழு வருஷத்தில் அதை யாரும் படிக்கவில்லை. எழுதியவனும் அந்த 'யாரும்' என்பதில் அடக்கம்.

ஆக, டெல்லியின் வரிசையில் ஏழு வருஷமாக அவன் கூட்டிக்கொண்டிருந்ததில் டெல்லிக் குழந்தைகள் எத்தனை, வழியெல்லாம் குளிர்ந்துகொண்டே வந்து சேர்ந்த குழந்தைகள் எத்தனை என்பது அவனுக்கே தெரியாது. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, பிறந்த இடத்திலேயே கதகதப்பாகப் படுத்திருக்கும் தன் மகளை ஊர்விட்டு ஊர் தூக்கி அனுப்ப இருந்தான். பிள்ளை வழியில் செத்திருந்தால் எந்த மாநிலத்தின் கணக்கில் எழுதுவது என்றுகூட அவன் குறிப்பில் இல்லை. புள்ளிவிவரத்தில் தங்கப் பதக்கம் வாங்கிய முட்டாள் இந்தியாவிலேயே தான் ஒருவன்தான் என்று தோன்றியது. அதற்கும் ஆதாரம் கிடையாது.

நான்கு மணிக்கு ஆம்புலன்ஸ்காரர் காகிதங்களோடு வந்தார். ஷ்ரவண் அவரிடம் "மாஃப் கரோ பையா" என்று மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டு அனுப்பிவிட்டு, மாடிக்கு ஓடினான்.

"அனுப்பல," என்றான் ஜ்யோத்ஸ்னாவிடம்.

"டேட்டா?"

"தப்பு. நான் போட்டதுதான் தப்பு. நான் ஒரு மடையன், ஜ்யோ."

"அது எனக்கு முதல் அட்டவணையிலியே தெரியும்," என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னைக் கீழ கூட்டிட்டுப் போ."

சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். டாக்டரம்மா அன்றைக்கு முதல் முறையாக அவனைப் பார்த்து ஓடவில்லை. அம்மாவின் மார்போடு ஒட்டிப் படுக்கவைக்கலாம், அதைவிட நல்ல சூடு எந்த மிஷினிலும் இல்லை என்றார். மாசிலாமணி குழாயும் கம்பியுமாகக் குழந்தையை எடுத்து ஜ்யோத்ஸ்னாவின் நெஞ்சில் வைத்து, மேலே துணியைச் சுற்றினான். அவள் மூச்சுவிடக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தாள். ஷ்ரவண் மானிட்டரைப் பார்க்கத் திரும்பினான். மாசிலாமணி அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தான்.

"அத நான் பாத்துக்கிடுதேன். நீங்க பிள்ளையப் பாருங்க."

வெகுநேரம் பார்த்தான். தண்ணீர் குடிக்க வெளியே வந்தபோது, ஜெயபால் வெள்ளைத் துணியில் சுற்றிய குழந்தையை வாங்கிக்கொண்டு நின்றிருந்தான். ஷ்ரவணுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"உங்களுது எங்க சார் பொறந்துச்சி?" என்று கேட்டான் ஜெயபால்.

"இங்கதான். மேல் மாடியில."

"எம்மா நேரத்துல இங்க எடுத்தாந்தாங்க?"

"நாலு நிமிஷம்." சொல்லவே ஷ்ரவணுக்கு வெட்கமாக இருந்தது. "லிஃப்ட்லதான்."

ஜெயபால் தன் கையிலிருந்த துணியை ஒரு முறை சரிசெய்துகொண்டான்.

"அப்ப பொழச்சிக்கும் சார்," என்றான்.

மூன்று நாளாக எட்டுத் தடவை கெஞ்சியும் யாரும் தராத வார்த்தை. நன்றி சொல்ல வாயெடுத்த ஷ்ரவண், சொல்லக் கூசி, அந்த நடைபாதையிலேயே விம்மி விம்மி அழுதான். ஜெயபால் ஒரு கையால் குழந்தையை அணைத்தபடி, மறு கையால் அவன் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டு நின்றான்.